மைனர் பங்கு உள்ள நிலம்: விற்கலாமா, விட்டு வைக்கலாமா?

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு ஏக்கர் காப்பித் தோட்டம். நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. அப்பா தன் சம்பாத்தியத்தில் தன் பெயரில் வாங்கியது. உயில் எழுதாமலே இறந்துவிட்டார். வீட்டில் இப்போது அம்மா, பதினாறரை வயதுப் பையன், பதினொரு வயதுப் பெண், அப்பாவைப் பெற்ற பாட்டி. ஆஸ்பத்திரிக் கடன் நிற்கிறது. பையனுக்குக் காலேஜ் வருகிறது. நிலத்தை வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார். "பசங்க சின்னப் பசங்கதானேக்கா, நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்" என்கிறார்.

இது ஒரே வீட்டின் கதை இல்லை. சேலத்தில் பத்திர எழுத்தர் கடையில் நான் வேலை பார்த்த வருடங்களில் பல வீடுகளில் கேட்டதை ஒன்றாக்கிச் சொல்கிறேன். அடிவாரத்துத் தென்னந்தோப்பு, அம்மாபேட்டைத் தறிவீடு, ஓமலூர் பக்கத்து மானாவாரி நிலம் என்று சொத்துதான் மாறும். கேள்வி ஒன்றுதான்: மைனர் பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கும் சொத்தை அம்மா விற்கலாமா? இதே கேள்வி வேறொருவர் வாயிலிருந்து என் வீட்டுக்கும் வந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

## முதலில், நிலம் யாருடையது?

"என் வீட்டுக்காரர் நிலம், அவருக்கு அப்புறம் எனக்கு" என்றுதான் பெரும்பாலான அம்மாக்கள் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தனிச்சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லாருக்கும் சமமாகப் போகும். நம் உதாரணத்தில் நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. நூறு சென்ட்டில் அம்மாவுக்கு 25, பாட்டிக்கு 25, பையனுக்கு 25, பெண்ணுக்கு 25.

பாட்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் பாட்டி பெயர் வந்து நிற்கும்போதுதான் வீட்டில் பேச்சே கிளம்பும். பாட்டி தன் பங்குக்குத் தானே கையெழுத்துப் போட வேண்டும். கிரயத்துக்கு முன் அவர் காலமாகிவிட்டால், அந்தக் கால் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் பிரியும். அப்போது அத்தை, பெரியப்பா எல்லாரும் பத்திரத்துக்குள் வருவார்கள்.

இன்னொரு குழப்பம், "அப்பாவிடமிருந்து வந்தால் அது பூர்வீகச் சொத்து" என்பது. அப்பா தானே வாங்கிய நிலம் வாரிசுரிமையாக வரும்போது அது பிள்ளையின் தனிச்சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்தை வயது வந்த குடும்பத் தலைவர் குடும்பத் தேவைக்காக விற்பதற்கு விதிகள் வேறு. அங்கே கோர்ட் முன் அனுமதி தேவையில்லை என்று 1996-ல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. உங்கள் நிலம் எந்த வகை என்பதை மூலப்பத்திரத்தைக் காட்டி வக்கீலிடம் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு நான் இங்கே சொல்லும் 1956 சட்டங்கள் இரண்டுமே (மேலே சொன்ன வாரிசுரிமைச் சட்டம், கீழே வரும் காப்பாளர் சட்டம்) பொருந்தாது. பங்குக் கணக்கு வேறு, கார்டியன் (மைனரின் காப்பாளர்) விஷயம் 1890-ஆம் ஆண்டின் பொதுவான காப்பாளர் சட்டத்தின் வழியே போகும்.

## எதை வைத்து எடை போடுவது?

நான்கு கேள்விகள். பணம் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வரும்? வருவதில் எவ்வளவு நிஜமாகவே செலவுக்குக் கிடைக்கும்? பத்திரம் பிற்காலத்தில் நிற்குமா? கடைசியாக, பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது அவன் எதன் முன்னால் போய் நிற்பான்?

புரோக்கர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள். வக்கீல்கள் மூன்றாவதைப் பேசுவார்கள். நான்காவதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிது.

## வழி 1: அனுமதி வாங்காமல் அம்மாவே கிரயம் செய்து கொடுப்பது

அப்பா இல்லாத வீட்டில் அம்மாதான் இயற்கைக் காப்பாளர். பேச்சு வழக்கில் கார்டியன். பிள்ளைக்காக அவர் நிறையச் செய்யலாம். ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு ஒரு கோடு போட்டிருக்கிறது: மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, பரிவர்த்தனை செய்யவோ கோர்ட்டின் முன் அனுமதி வேண்டும். முன் அனுமதி என்பதைக் கவனியுங்கள். விற்றுவிட்டுப் பிறகு போய் வாங்கிக்கொள்ள முடியாது. சேலம் பக்கம் சர்வசாதாரணமாக நடக்கும் போக்கியமும், அதாவது கடனுக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்கக் கொடுப்பதும், அடமானத்தில்தான் சேரும்.

அனுமதி இல்லாமல் விற்றால் பத்திரம் அன்றைக்கே செத்துப்போவதில்லை. மைனர் நினைத்தால் ரத்து செய்யக்கூடிய நிலையில் தொங்கிக்கொண்டிருக்கும். காலவரையறைச் சட்டப்படி, பிள்ளை மேஜரான நாளிலிருந்து 3 ஆண்டுகள் அதற்கு அவகாசம். பதினெட்டாவது பிறந்தநாள் தொடங்கும்போதே மேஜர், ஆக இருபத்தொன்று வரை. கோர்ட் நியமித்த கார்டியன் இருந்தால் 21 வயதில்தான் மேஜர் என்ற பழைய விதி 1999 திருத்தத்தோடு போய்விட்டது.

அந்த 3 ஆண்டுகளைத் தவறவிட்டால் உரிமை போய்விடும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. 2025 அக்டோபரில் வந்த கர்நாடக வழக்கில் இன்னொன்றும் தெளிவானது: எல்லா நேரமும் வழக்குப் போட்டுத்தான் ரத்து செய்ய வேண்டும் என்பதில்லை. மேஜரான பிள்ளை உரிய காலத்துக்குள் அதே சொத்தை வேறு ஒருவருக்கு விற்பதுபோல், தெளிவான நடத்தையாலேயே பழைய கிரயத்தை மறுத்துவிடலாம். வாங்குகிறவர் நிலையிலிருந்து பாருங்கள். கோர்ட் வழக்கே இல்லாமல் கூட நிலம் கைவிட்டுப் போகக்கூடும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டதே என்று தைரியம் சொல்வார்கள். பதிவு செய்வதால் இந்தக் குறை தீராது. விவரம் தெரிந்தவர் அதற்குத் தகுந்தபடி விலையைக் குறைத்துத்தான் கேட்பார். வங்கிக் கடனில் வாங்கப் பார்த்தால், வங்கி வக்கீல் வில்லங்கச் சான்றையும் வாரிசுச் சான்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மைனர் பங்குக்கு ஆர்டர் எங்கே?" என்று கேட்பார். அப்புறம் பத்திரத்தில் ஒரு வரி சேர்ப்பார்கள்: பின்னால் வில்லங்கம் வந்தால் அம்மா தன் சொந்தச் சொத்திலிருந்து ஈடு கட்டுவார் என்று. அந்த வரியைப் பெரும்பாலான அம்மாக்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

என் வீட்டில் நடந்தது இதுதான். எனக்குப் பதினொரு வயதில் அப்பா போனார். அம்மா இரண்டு வருடம் சமாளித்துவிட்டு, கடனை அடைக்க எங்கள் வீட்டுமனையை விற்றார். அனுமதி என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. எனக்குப் பத்தொன்பது நடக்கும்போது ஒருவர் வீடு தேடி வந்தார். மனை விலை ஏறிவிட்டதாம். நான் ஒரு கையெழுத்துப் போட்டால் செலவெல்லாம் அவரே பார்த்து வழக்கு நடத்துவாராம், வருவதில் பாதிப் பாதி. எதிர்த்தரப்பில் யார் யார் பெயர் வரும் என்று கேட்டேன். வாங்கினவர் பெயரோடு, விற்றவர் என்ற முறையில் என் அம்மா பெயரும் வரும் என்றார். அம்மா உள்ளறையில் இருந்தார், எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அடுத்த இரண்டு வருடமும், நான் எங்கே கிளம்பினாலும் அம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். எனக்கு இருபத்தொன்று முடிந்ததும்தான் அது நின்றது. அந்த மனையை விற்றது தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன். ஆனால் என் உரிமையை எடுத்தால் அம்மாவைக் கூண்டில் ஏற்ற வேண்டும், விட்டால் என்றைக்குமாகப் போய்விடும் என்ற இடத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை நிற்க வேண்டியதில்லை. கோர்ட் அனுமதி ஒன்று இருந்திருந்தால் அந்த ஆள் எங்கள் படியேறியிருக்கவே மாட்டார்.

இந்த வழி எப்போது சரி? விற்காதவர்களுக்கு ஒருபோதும் இல்லை என்பேன். ஏற்கெனவே விற்றுவிட்டவர்கள், பிள்ளை மேஜரானதும் உண்மையைச் சொல்லி, அவனுக்குச் சம்மதம் இருந்தால் அந்தக் கிரயத்தை ஒப்புக்கொண்டு ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடலாம். வழக்குக்குப் போகலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். விற்ற பணம் உங்கள் நன்மைக்குச் செலவாகியிருந்தால், அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கோர்ட் நிபந்தனை வைக்கலாம்.

சித்தப்பாவோ தாத்தாவோ "நான் கார்டியன்" என்று போட்டு மைனர் பங்கை விற்பது இதைவிட மோசம். சட்டப்படி கார்டியன் இல்லாதவர் வெறும் பராமரிப்பாளர்தான். அவருக்கு விற்கும் அதிகாரமே கிடையாது. அந்தக் கிரயம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது.

## வழி 2: கோர்ட் அனுமதியோடு விற்பது

சொத்து எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டில் மனு. ஏற்காட்டு நிலத்துக்குச் சேலம், அதாவது அஸ்தம்பட்டி கோர்ட் வளாகம். வக்கீல்கள் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள், கார்டியன் மனு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

கோர்ட் பார்ப்பது இரண்டில் ஒன்று: பிள்ளைக்கு நிஜமான தேவை இருக்கிறதா, அல்லது விற்பதால் பிள்ளைக்குக் கண்கூடான லாபம் இருக்கிறதா. "எங்களுக்குப் பணம் வேண்டும்" என்பது போதாது. காலேஜ் கட்டண விவரம், ஆஸ்பத்திரி பில், கடன் பத்திரம், நிலத்தில் இப்போது வரும் வருமானம், வாங்குகிறவர் கொடுக்கும் விலை, அது சந்தை விலைக்கு நியாயமானதா என்பதற்கு ஆதாரம், இவை எல்லாம் வேண்டும். கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா. சொந்தக்காரர்களுக்கு நோட்டீஸ் போகலாம். ஏலத்தில்தான் விற்க வேண்டும் என்றுகூட நிபந்தனை போட அதிகாரம் உண்டு.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிய வேண்டும். பிள்ளைகளின் பங்குப் பணம் வழக்கமாக அம்மா கைக்கு வராது. அவர்கள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில், மேஜராகும்வரை வைப்புத்தொகையாகப் போகும். பராமரிப்புக்கு வட்டியை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். காலேஜ் கட்டணம்போல் குறிப்பிட்ட செலவுக்கு அசலில் ஒரு பகுதியை விடச் சொல்லியும் கேட்கலாம், ஆனால் அதை மனுவிலேயே கேட்க வேண்டும். ஆக நூறு சென்ட்டை விற்றால், உடனே கையில் நிற்பது அம்மா பங்கும் பாட்டி பங்கும்தான்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் முதலில் காலம். சில மாதங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், வாய்தா தள்ளினால் இன்னும் நீளும். அதுவரை வாங்குகிறவர் பொறுக்க வேண்டும். பெரிய அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்துவிடாதீர்கள். அனுமதி கிடைத்தால் மட்டுமே கிரயம், இல்லையென்றால் அட்வான்ஸ் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அப்புறம், மலைநிலத்தின் விலை ஏறும் வேகத்துக்கு வங்கி வட்டி ஈடு கொடுக்காமல் போகலாம். பதினொரு வயதுப் பெண்ணின் பணம் ஏழு வருடம் வங்கியில் தூங்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வக்கீல் செலவுக்குப் பயந்து பலர் பின்வாங்குகிறார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி கேட்க உரிமை இருக்கிறது. அம்மா, பிள்ளை இருவருமே அதில் வருகிறார்கள். சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். இதை நான் சொல்லும்போதெல்லாம், "நிஜமாவா?" என்றுதான் கேட்கிறார்கள்.

கடன் வட்டி ஏறிக்கொண்டே போகிறது, விற்பதைத் தவிர வேறு வழி இல்லை, கொஞ்சம் பொறுக்கக்கூடிய நல்ல வாங்குகிறவர் இருக்கிறார் என்றால் இதுதான் வழி.

## வழி 3: மேஜராகும்வரை குத்தகைக்கு விட்டு வைப்பது

குத்தகைக்குக் கோர்ட் வேண்டாம், ஆனால் இரண்டு எல்லைகள் உண்டு. 5 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. பிள்ளை மேஜரான பிறகு ஓராண்டுக்கு மேலும் நீளக்கூடாது. பெண்ணுக்கு 11 என்பதால் அவள் பங்குக்கு 5 ஆண்டு வரை விடலாம். பையனுக்குப் பதினாறரை. அவனுடைய பத்தொன்பதாவது பிறந்தநாளைத் தாண்டக்கூடாது, அதாவது இரண்டரை ஆண்டு. தோட்டம் ஒன்றாகவே இருப்பதால் சிறிய எல்லையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவும் செய்ய வேண்டும்.

இதிலும் செலவு ஒளிந்திருக்கிறது. குத்தகைக்காரர் காப்பியும் மிளகும் பறிப்பார், உரம் போட மாட்டார், செடியைக் கவாத்து செய்ய மாட்டார். மூன்றாவது வருடம் தோட்டம் திரும்பி வரும்போது காய்ப்பு பாதியாகியிருக்கும். மரம் வெட்டக்கூடாது, கவாத்தும் உரமும் அவர் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கட்டும். பறிப்பு சீசனில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

இந்தக் காத்திருப்பில் நடக்கும் முக்கியமான மாற்றம், பையன் பதினெட்டைத் தொடுவது. அன்று முதல் அவன் பங்குக்கு அவனே கையெழுத்து, கோர்ட் தேவையில்லை. மீதி அனுமதி தங்கை பங்குக்கு மட்டும். ஒன்றுதான் என் கவலை. பதினெட்டு முடிந்த மறுவாரமே பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு மூலப்பத்திரத்தைக் காட்டி, அவன் பங்கு எவ்வளவு என்று சொல்லி, யோசிக்க நாள் கொடுங்கள். ஆதார் கார்டைப் பிடுங்கிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போவது சம்மதம் ஆகாது.

கடன் தலைக்கு மேல் இல்லாத வீட்டுக்கும், மூத்த பிள்ளை பதினெட்டை நெருங்கும் வீட்டுக்கும் இது பொருந்தும்.

## வழி 4: பெரியவர்கள் பங்கை மட்டும் விற்பது

அம்மாவும் பாட்டியும் தங்கள் 25, 25 சென்ட்டைக் கோர்ட் அனுமதி இல்லாமலே விற்கலாம். ஆனால் எந்த 50 சென்ட் என்று பிரித்துக் காட்டாத பங்கை வாங்குகிறவர் அடிமாட்டு விலைதான் சொல்வார். வாங்கிய பிறகு அவர் பிள்ளைகளுக்குக் கூட்டுப் பங்காளி. பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, தண்ணீரும் பாதையும் உள்ள பக்கத்தைக் கேட்பார். வாங்குகிறவர் பாட்டியின் இன்னொரு பிள்ளையாகவோ, நம்பிக்கையான பக்கத்துத் தோட்டக்காரராகவோ இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பணம் வரும் வேகம் | கையில் நிற்பது | பத்திரத்தின் பலம் | 18 வயதில் பிள்ளைக்கு |
|---|---|---|---|---|
| அனுமதி இல்லாத விற்பனை | உடனே | முழுப் பணம், ஆனால் குறைந்த விலை | 21 வரை தொங்கும் | அம்மாவோடு வழக்கு, அல்லது உரிமை இழப்பு |
| கோர்ட் அனுமதி | மாதக்கணக்கு | பெரியவர் பங்கு, பிள்ளைகளுக்கு வட்டி | உறுதி | வங்கியில் தன் பணம் |
| குத்தகை | வருடா வருடம் கொஞ்சம் | குத்தகைப் பணம் | விற்பனையே இல்லை | தன் நிலம், தன் முடிவு |
| பெரியவர் பங்கு மட்டும் | ஓரளவு சீக்கிரம் | அடிமாட்டு விலை | உறுதி, ஆனால் பிரிவினைத் தகராறு | புதுப் பங்காளி |

## அந்த நாகலூர் வீட்டுக்கு

என்னைக் கேட்டால், முதலில் ஒரு தாளில் கடனுக்கான வருட வட்டியை எழுதுவேன். பக்கத்தில் இரண்டரை ஆண்டுக் குத்தகைக்கு ஒருவர் எவ்வளவு தருவார் என்று விசாரித்து எழுதுவேன். குத்தகைப் பணம் வட்டியைத் தாங்கினால், வழி 3. ஒன்றரை வருடத்தில் பையன் மேஜர். பிறகும் விற்க வேண்டும் என்றால் அம்மா, பாட்டி, அண்ணன் மூவரும் ஒன்றாக நின்று தங்கை பங்குக்கு மட்டும் மனு போடலாம்.

வட்டி குத்தகையைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே வழி 2. அப்போதும் ஒரு ஏக்கரையும் விற்க வேண்டியதில்லை. கடனுக்கும் படிப்புக்கும் எத்தனை சென்ட் போதுமோ அத்தனைக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். தேவையை நிரூபிப்பதும் எளிது, பிள்ளைகளுக்கு மலையில் கொஞ்சம் மண்ணும் மிஞ்சும். பாட்டிக்கு வயதாகிறது என்றால், அவர் தன் பங்கை என்ன செய்ய நினைக்கிறார் என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே கேட்டு, பதிவு செய்த பத்திரமாக்கிவிடுங்கள்.

எந்த வழியானாலும் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், வாரிசுச் சான்று நான்கிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கோர்ட்டிலும் பதிவு அலுவலகத்திலும் அதற்கே தனியாக அலைய வேண்டியிருக்கும். பார்க்கும்போது பையனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.